எந்தத் தெரு? காவிரிப் படுகையில் குடியிருப்பும் மனநலமும்



மனநலம் குறித்துப் பேச வேண்டும் என்று என்னை அழைத்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். மூளையைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசத் தகுந்த மருத்துவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் சமூகப்பணித் துறையைச் சேர்ந்தவன். நோயாளியோடு அவர் வீட்டு வாசல் வரை போவது என் வேலை. ஆகவே இன்று தெருவைப் பற்றிப் பேசுகிறேன்.

காவிரிப் படுகையில் ஒரு கிராமத்துக்குப் புதிதாகப் போகிறவரிடம் டீக்கடையில் வரும் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" தெரிந்த ஊராக இருந்துவிட்டால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அங்க எந்தத் தெரு?" கேட்பவருக்கு வேண்டியது முகவரி இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அக்ரகாரமா, குடியானத் தெருவா, காலனியா என்று தெரிந்துவிட்டால் உட்காரச் சொல்வதா, எப்படிக் கூப்பிடுவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். சாதியை அறிவதற்காக ஊர் கேட்கும் இந்தக் கேள்வியை, துயரத்தை அறிவதற்காக நம் மருத்துவமனைகள் கேட்க வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரிக்கும் மருத்துவர், தெரு எப்படி என்றும் விசாரிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கான காரணங்கள்.

தெருவை வைத்து மனிதரைப் படித்த பழைய ஆய்வு ஒன்று சிகாகோவில் நடந்தது. ராபர்ட் ஃபாரிஸ், வாரன் டன்ஹாம் என்ற இரு சமூகவியலாளர்கள் மனநோய் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் முகவரிகளை நகர வரைபடத்தில் குறித்தார்கள். 1939-இல் வந்த அவர்களுடைய நூல், நகரின் நடுப்பகுதியில் வாடகை அறைகளும் அடிக்கடி ஆள் மாறும் வீடுகளும் நிறைந்த இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் அதிகம் என்றும், வெளிப்புறம் போகப் போக அது குறைகிறது என்றும் காட்டியது. உடனே ஒரு மறுப்பு எழுந்தது. நோய் வந்ததால் வேலை போய், குடும்பம் விலகி, மலிவான தெருவுக்கு அவர்கள் வந்து சேர்ந்திருக்கலாமே? தெரு நோயைத் தந்ததா, நோய் மனிதரைத் தெருவுக்குத் தள்ளியதா? அந்த விவாதம் இன்றும் முழுதாக ஓயவில்லை.

இந்த மறுப்பைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே நோய் வந்ததால் யாரும் காலனிக்குக் குடிபோவதில்லை. நோய் குணமானதால் யாரும் மேலத்தெருவுக்கு மாறிவிடுவதும் இல்லை. பிறந்த அன்றே தெரு முடிவாகிவிடுகிறது. ஆகவே சிகாகோவில் எழுந்த சந்தேகத்துக்கு இங்கே இடம் மிகக் குறைவு. தெரு ஒரு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக்கூடிய நிலம் உலகில் அதிகம் இருக்காது. இது நமக்குப் பெருமை தருகிற விஷயமல்ல. ஆனால் பார்க்காமல் இருப்பதற்கு நமக்குச் சாக்கு இல்லை.

பார்த்தவர்கள் உண்டு. கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். 1976-இல் திரும்பி வந்து அதே ஊர்களை மறுபடியும் பார்த்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் வைத்து, 1965-இல் நூலாக வெளியிட்டார். சாதி, நிலவுடைமை, அதிகாரம் மூன்றும் தெருக்களில் எப்படிப் பதிந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் நூல் அது. அதில் என்னை மிகவும் நிறுத்தியது அவருடைய ஒரு வாக்குமூலம். அக்ரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரி மக்களோடு தமக்கு அந்த அளவு பழக்கம் ஏற்படவில்லை, அவர்களைப் பற்றித் தமக்குத் தெரிந்தது குறைவு என்று அவர் நேர்மையாகப் பதிவு செய்கிறார். ஆய்வாளருக்கே இந்தக் கதி என்றால், மாவட்டத் தலைநகரில் புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நம் கண்ணில் எவ்வளவு படும்?

இனி வெண்மணிக்கு வருகிறேன். இந்த மண்ணில் நின்றுகொண்டு தெருவையும் மனதையும் பற்றிப் பேசுகிறவர் வெண்மணியைக் கடந்து போக முடியாது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர்களான அந்தத் தெருவினர் கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டதும், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் நிலவுடைமையாளர்களின் பகைக்குக் காரணம். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-இல் தண்டித்த நிலவுடைமையாளர்களை, சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுதலை செய்தது.

இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. தீர்ப்புக்கு மறுநாள் காலை அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும்? பேரிழப்புக்கு ஆளானவர்களுக்கு மனநல நூல்கள் சொல்லும் முதல் சிகிச்சை, ஆபத்திலிருந்து விலகிய பாதுகாப்பான இடம். வெண்மணிக்காரர்களுக்கு அப்படி ஓர் இடம் எங்கே இருந்தது? விடுதலையானவர்களின் ஊர் நடக்கும் தொலைவில் இருந்தது. வேலை கொடுக்கும் வயல் அவர்களைச் சேர்ந்தவர்களுடையது. போகும் வரப்பு அதே வரப்பு. பிள்ளைகளை இழந்த ஒரு தாய் அடுத்த நடவுக்கு அதே சுற்றுவட்டாரத்தில்தான் குனிந்தாக வேண்டும். அவருக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்றால் அதை எந்த நோயின் பெயரால் எழுதுவீர்கள்?

1968-க்குப் பிறகு அது போன்ற தெருக்களுக்கு வந்த இரண்டு மாற்றங்களை நான் மருத்துவமாகவே கருதுகிறேன். ஒன்று, 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். அதுவரை விவசாயத் தொழிலாளியின் குடிசை மிராசுதாரின் மனைக்கட்டில் இருந்தது. கூலியைப் பற்றி வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல அவரால் முடிந்தது. பண்ணையாட்களுக்குச் சாணிப்பால் புகட்டுவதையும் சவுக்கடி கொடுப்பதையும் எதிர்த்துத் தோழர் சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் சங்கம் கட்டினார்கள்; 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அப்போதும் தலைக்கு மேல் இருந்த கூரை இன்னொருவர் தயவில்தான் நின்றது. இரவில் படுக்கும் இடம் நாளைக்கும் இருக்குமா என்று தெரியாத மனிதருக்கு மனநலம் பற்றி என்ன ஆலோசனை சொல்ல முடியும்? அந்த மனையை அவருக்கே சொந்தமாக்கிய சட்டம் எத்தனை குடும்பங்களின் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இரண்டாவது, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் செய்த வேலை. வெண்மணிக்குப் பிறகு கிழக்குத் தஞ்சைக்கு வந்து தங்கிய அவர்கள், 1981-இல் லாஃப்டி என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பெண்கள் பெயரில் பட்டா எழுதினார்கள். 2008-இல் அவர்களுக்கு வாழ்வுரிமை விருது கிடைத்தது. இதை நிலச் சீர்திருத்தமாக மட்டும் படிக்கிறோம். தன் பெயரில் ஓர் ஏக்கர் இருக்கிற பெண் தெருவில் நடக்கும் நடையையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாமல் பல ஆண்டுகள் போயிருந்தன. கடைமடையில் சம்பா கருகியது. 2017 ஜனவரி 10-இல் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தப் பருவத்தில் படுகை மாவட்டங்களில் வாரம் தவறாமல் விவசாயிகளின் சாவுச் செய்தி வந்தது. சிலர் வயலிலேயே மாரடைப்பில் சரிந்தார்கள். சிலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். இந்தச் சாவுகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அவர்கள் வறட்சியால் சாகவில்லை, நோயாலும் சொந்தக் காரணங்களாலும் இறந்தார்கள் என்று மாநில அரசு சொன்னது.

"சொந்தக் காரணம்" என்று கோப்பில் எழுதுவது சுலபம். அந்தச் சொந்தக் காரணத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் ஒரு பக்கம். பெண்ணுக்குப் பேசி முடித்த கல்யாணம் ஒரு பக்கம். குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் என்றால் நில உடைமையாளருக்கு அளக்க வேண்டிய நெல். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று நம்பி, நாற்று விட்டு, கையில் இருந்ததையெல்லாம் கொட்டியாகிவிட்டது. இதில் எது அவருக்கு மட்டும் சொந்தம்? அதே தெருவில் அவரைப் போலவே இன்னும் இருபது பேர் அன்றிரவு விழித்துக் கிடந்தார்கள்.

அக்கம்பக்கம் என்றாலே அன்பு என்று நாம் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழுக் கடன் கூட்டம் நடக்கும் ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சை மாவட்டங்களில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்திருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் அலுவலர், எல்லோருக்கும் அவர் "சார்", பைக்கில் வந்து இறங்குவார். ஒவ்வொருவராக டியூ கட்டி, அட்டையில் வரவு வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. எழுநூறோ எண்ணூறோ குறைகிறது. சார் கோபப்படுவதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. "மொத்தமா வந்தாத்தான் கிளம்ப முடியும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடவுக்குப் போக வேண்டியவர்கள் போக முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர் எழுந்திருக்க முடியாது. அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண்களே எழுந்து, வராதவர் வீட்டுக்குப் போவார்கள். வாசலில் நின்று பேசுவார்கள். பேச்சு ஏறும். நேற்று வரை குழம்பு கொடுத்து வாங்கியவர்கள்தான். உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க மாட்டார். தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ரிசர்வ் வங்கி 2022-இல் குறுங்கடனுக்குக் கொண்டுவந்த விதிகளில், வசூலுக்காகக் கடுமையான முறைகளைக் கையாளக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழகச் சட்டமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நல்ல சட்டங்கள். ஆனால் அவை கட்டுப்படுத்துவது சாரின் வாயை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாயை எந்த விதி கட்டுப்படுத்தும்? ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற ஏற்பாடு, துக்கத்துக்கு ஓடிவரும் தோழியையே வசூல்காரியாக்கிவிட்டது. அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் அதே பயம்தான். கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு, தென்னையும் கூரையும் போன வீடுகளின் வாசலிலும் தவணை கேட்டு ஆள் நின்றதை இந்த மாவட்டங்கள் மறக்கவில்லை.

தெருவின் கண்களுக்கு அஞ்சுகிற ஒரு பெண், மனநல மருத்துவரிடம் வர மாட்டார். தலைவலி என்று வருவார், நெஞ்சு படபடப்பு என்று வருவார், உடம்பு எரிகிறது என்று வருவார். 2015-16-இல் நிமான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வராதவர்கள். "ஊரு என்ன பேசும்" என்ற அச்சத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் அனுபவம்.

அதே ஊர் தாங்கிப் பிடித்ததையும் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிமான்ஸ் குழுவினர் வந்தபோது, இவ்வளவு பேருக்கு மனநல மருத்துவர்கள் போதாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். மீனவர் பஞ்சாயத்துகள் நிவாரணத்தைப் பங்கிட்டன. தார்ஷீட் கொட்டகைகளின் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தவர்களைப் பிடித்து நிறுத்தியதில், பக்கத்துக் கொட்டகையில் தன் ஊர்க்காரரே இருந்தார் என்பதற்கும் பங்கு உண்டு. இன்றும் அறுவடைக் காலத்தில் நேரடி கொள்முதல் நிலையத்துக்கு இரவில் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மேகம் திரண்டால் குவியல் குவியலாக நெல்லை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் ஒருவர் தார்ப்பாயை இன்னொருவர் இழுத்து மூடுவார்கள். அந்தக் களத்தில் தனியாகக் கவலைப்படுபவர் யாருமில்லை.

ஆக, ஒரே தெருதான். அது தாங்குவதா நெரிப்பதா என்பதை அங்கே வாழ்பவர்களின் குணம் தீர்மானிப்பதில்லை. நாம் அங்கே கொண்டுபோய் வைக்கும் ஏற்பாடுகள் தீர்மானிக்கின்றன. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சாலையில் இருந்த டாஸ்மாக் கடைகள் குடியிருப்புகளுக்குள் வந்தன. மாநிலம் முழுவதும் பெண்கள் மறியலில் இறங்கினார்கள். கடை தெருவுக்குள் வந்தால் தங்கள் இரவுகள் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நல்ல ஏற்பாட்டுக்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சென்னையில் 1986-இல் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூ சாகுபடி செய்யும் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டு மூலையில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் வைப்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டோடு ஒரு பெட்டி. கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். ஆத்திரத்திலும் விரக்தியிலும் வரும் அந்தக் கொடிய நிமிடம் கடந்து போகக்கூடியது. கை நீட்டும் தூரத்தில் மருந்து இல்லாவிட்டால் ஒருவர் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட மற்ற கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் தற்கொலை முயற்சிகள் நன்றாகக் குறைந்தன. ஒரு கொட்டகையும் சில பூட்டுகளும் செய்த வேலை இது.

தெருவையே மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் சிலர் சோதித்திருக்கிறார்கள். 1990-களில் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நல்ல பகுதிகளுக்குக் குடிபோக உதவினார்கள். பெரியவர்களின் வருமானம் பெரிதாக உயரவில்லை. ஆனால் அவர்களுடைய மனச்சோர்வு குறைந்தது, பெண்பிள்ளைகள் தேறினார்கள். ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பழைய சேக்காளிகளை விட்டு வந்தது அவர்களை வாட்டியிருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். நம் மாநிலத்தில் 1997-இல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் வந்தது. ஒரு குடியிருப்பின் நூறு வீடுகளில் நாற்பது பட்டியல் சாதியினருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து. பிறப்பால் முடிவாகும் தெருவை அரசே கலைத்துப் போட்ட முயற்சி இது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சமத்துவபுரங்களுக்குப் போய், அங்கே பிறந்து வளர்ந்து இருபது வயதைத் தாண்டியவர்களோடு உட்காருங்கள். "எந்தத் தெரு?" என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்கிறார்கள், அப்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மரபுக்கும் உடலுக்கும் மனநோயில் உள்ள பங்கை நான் மறுக்கவில்லை. மனச்சிதைவு வந்தவருக்கு மாத்திரை வேண்டும். அதைத் தவறாமல் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளும் தெருவில்தான் இருக்கிறார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் அநேகமாக அதே ஊர்க்காரர். அவர் கையில் தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிய நான்கு கேள்விகளைக் கொடுக்கலாம். கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கும் பயிற்சியையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் இதைத் தொடங்கினால், சொன்ன பெண்ணுக்கே கேடாகும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். காலனிக்கு விளக்கும், சுடுகாட்டுக்குப் பாதையும், பட்டா இல்லாத மனைக்குப் பட்டாவும் கேளுங்கள். ஊருக்கு ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு கேளுங்கள். குடியிருப்புக்குள் மதுக்கடை வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். குழுக் கடனில் சிக்கிய பெண்களின் பெயரைச் சொல்லாமல் அவர்கள் நிலையைச் சபையில் பேசுங்கள். மனநலத்துக்கான கோரிக்கைகள் என்றே இவற்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

இந்த அவையில் இருப்பவர்களுக்கோ உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாநில உதவி எண் 104. டெலி-மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களை உங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரிலும் கொள்முதல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.